வீட்டுக்குள்ளேயே 'உச்சா' போகும் நாய்க்குட்டி: அடிக்காமல், திட்டாமல் பழக்குவது எப்படி?

ஆசை ஆசையாகத் தூக்கி வந்த நாய்க்குட்டி. முதல் ரெண்டு நாள் வீடே கொண்டாட்டமாக இருக்கும். மூணாவது நாள் காலையில் ஹாலில் ஒரு குளம், சோபாவுக்குப் பின்னால் ஒரு குவியல், பூஜை அறை வாசலில் இன்னொரு குளம். பாட்டி முகம் சுளிப்பார். துடைத்துத் துடைத்து அம்மாவுக்கு இடுப்பு வலி. ரெண்டே வாரத்தில், "இதை வாங்கின இடத்துலயே விட்டுட்டு வந்துடுங்க" என்ற பேச்சு தொடங்கிவிடும்.

பல குட்டிகள் தெருவுக்கு வருவதும், மொட்டை மாடியில் நாள் முழுக்கச் சங்கிலியில் கிடப்பதும் இப்படித்தான். கடிப்பதற்காகவோ குரைப்பதற்காகவோ அல்ல, வெறும் சிறுநீருக்காக. ஆனால் சில வாரம் பொறுமையாக ஒரே மாதிரி நடந்துகொண்டால் பெரும்பாலான குட்டிகளைப் பழக்கிவிடலாம். அடி தேவையில்லை, பெரிய செலவும் இல்லை. என்ன செய்ய வேண்டும், என்ன செய்யவே கூடாது என்று பார்ப்போம்.

குட்டி வேண்டுமென்றே செய்கிறதா?

இல்லை. பிறந்து முதல் ரெண்டு, மூணு வாரம் வரை நாய்க்குட்டியால் தானாகச் சிறுநீர்கூடக் கழிக்க முடியாது. தாய் நக்கிவிட்டால்தான் போகும். தாயே சுத்தமும் செய்துவிடும். ஏறக்குறைய மூணு வாரம் ஆனதும் குட்டி தானாகவே படுக்கும் இடத்தை விட்டுத் தள்ளிப்போய்க் கழிக்கத் தொடங்கும். படுக்கும் இடத்தை அசிங்கம் செய்யக் கூடாது என்ற உணர்வு அதற்கு இயல்பாகவே உண்டு. நாம் கொடுக்கும் பழக்கம் எல்லாமே இந்த உணர்வின் மேல்தான் நிற்கிறது.

ஆனால் 'வீடு' என்பது எது என்று குட்டிக்குத் தெரியாது. அது படுக்கும் சாக்கு மட்டும்தான் அதற்கு வீடு. அங்கிருந்து நாலடி தள்ளியிருக்கும் உங்கள் ஹால், அதன் கணக்கில் வெளியிடம். நல்ல பிள்ளையாகப் படுக்கையை விட்டு இறங்கி வந்து ஹாலில் போயிருக்கிறது. அதைத்தான் நாம் திட்டுகிறோம்.

இன்னொரு விஷயம், காலுக்கடியில் எது இருக்கிறது என்பது. ரெண்டு மாத வயதை ஒட்டிக் குட்டிக்குக் கழிக்கும் தரை பழகிவிடும். மண்ணில் போன குட்டி மண்ணைத் தேடும். காகிதத்தில் போன குட்டி காகிதத்தைத் தேடும். கூண்டிலேயே அடைத்து வளர்க்கப்பட்டு, படுத்த இடத்திலேயே போய்ப் பழகிய குட்டியை மாற்றுவது மட்டும் கொஞ்சம் சிரமம். தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாட்டு நாய்க்குட்டிகள் பல, மண் தரையைக் காட்டினால் சட்டென்று பிடித்துக்கொள்வதற்கும் இந்தப் பழக்கமே காரணம்.

இந்தியாவில் 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. 30, 40 நாள் குட்டியை விற்கிறார்கள் என்றால் அது விதிமீறல் மட்டுமல்ல. தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும் கற்க வேண்டியதைக் கற்காமலே அது உங்கள் வீட்டுக்கு வருகிறது.

எவ்வளவு நேரம் அடக்கிக்கொள்ளும்?

ஒரு எளிய கணக்கு உண்டு. குட்டியின் வயது எத்தனை மாதமோ, அதோடு ஒன்றைக் கூட்டுங்கள். அத்தனை மணி நேரம்தான் அதிகபட்சம்.

- 2 மாதக் குட்டி: சுமார் 3 மணி நேரம்
- 3 மாதக் குட்டி: சுமார் 4 மணி நேரம்
- 4 மாதக் குட்டி: சுமார் 5 மணி நேரம்

இது குட்டி அமைதியாகப் படுத்திருக்கும்போது மட்டும். முழித்து ஓடி விளையாடும் நேரத்தில் அரை மணிக்கு ஒருமுறைகூடப் போகும். பொமரேனியன், ஷிட்சு போன்ற சின்ன இனங்களுக்குச் சிறுநீர்ப்பையும் சின்னது. ஆகவே அவை இன்னும் அடிக்கடி போகும், பழகவும் கூடுதல் நாள் எடுக்கும். ராஜபாளையம், சிப்பிப்பாறை மாதிரி பெரிய உடல்வாகு கொண்ட குட்டிகள் வளர வளரக் கொஞ்சம் கூடுதல் நேரம் தாங்கும்.

இந்தக் கணக்கு எதற்கு? 2 மாதக் குட்டியை வீட்டில் தனியாக 9 மணி நேரம் பூட்டிவிட்டுப் போய், வந்து பார்த்து, "இவ்வளவு சொல்லியும் போய் வெச்சிருக்கியே" என்று கோபப்பட்டால், முடியாத ஒன்றுக்காக அதைத் தண்டிக்கிறோம் என்று அர்த்தம்.

எந்தெந்த நேரத்தில் கண்டிப்பாகப் போகும்?

இந்த ஐந்து நேரங்களை மனப்பாடம் செய்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது.

1. தூங்கி எழுந்த உடனே. பகலில் குட்டித் தூக்கம் போட்டு எழுந்தாலும் இதே கதைதான்.
2. சாப்பிட்ட 5 முதல் 30 நிமிடத்துக்குள். வயிறு நிறைந்ததும் குடல் அசையத் தொடங்கும். பெரும்பாலும் மலம் கழிப்பது இப்போதுதான்.
3. தண்ணீர் குடித்த கொஞ்ச நேரத்தில்.
4. ஓடி ஆடி விளையாடும்போதும் விளையாடி முடித்ததும்.
5. இரவு படுக்கப் போகும் முன்.

இது தவிரக் குட்டியே சில அறிகுறிகளைக் காட்டும். விளையாடிக்கொண்டிருந்தது திடீரென்று நிறுத்திவிட்டுத் தரையை மோந்து பார்க்கும். ஒரே இடத்தில் வட்டம் போடும். கதவுப் பக்கமோ மூலைப் பக்கமோ நழுவும். அந்த நொடியில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். "இருடா, இந்த சீரியல் விளம்பரம் வரட்டும்" என்றால் வேலைக்காகாது.

முதல் நாளே செய்ய வேண்டியது: இடத்தை முடிவு செய்வது

குட்டி வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே, அது எங்கே போக வேண்டும் என்று குடும்பம் மொத்தமும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். தனி வீடு என்றால் கொல்லைப்புறம் அல்லது காம்பவுண்டுக்குள் ஒரு மண் மூலை. அடுக்குமாடி என்றால் பால்கனியில் ஒரு டிரே, அல்லது அனுமதி இருந்தால் மொட்டை மாடியில் ஒரு பகுதி. ஒரே ஓர் இடம்தான். இன்று பால்கனி, நாளை பாத்ரூம், மறுநாள் வாசல் என்று மாற்றினால் குட்டி குழம்பிப்போகும்.

ரோட்டுக்குக் கூட்டிப்போய்ப் பழக்கினால் என்ன என்று பலரும் கேட்பார்கள். இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. குட்டிகளுக்கான தடுப்பூசி 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, சில வார இடைவெளியில், ஏறக்குறைய 16 வாரம் வரை தொடரும். அது முடியும் வரை மற்ற நாய்கள் புழங்கும் இடத்தில் குட்டியை இறக்கிவிடுவது ஆபத்து. பார்வோ வைரஸ் பாதித்த நாயின் மலத்தில் வெளியேறி, மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். குட்டிகளுக்கு இது உயிரைப் பறிக்கும் நோய். சோர்வு, வாந்தி, ரத்தம் கலந்த பேதி ஆகியவை இதன் அறிகுறிகள்.

அதற்காக 16 வாரம் வரை பழக்காமல் இருக்கவும் கூடாது. அதற்குள் தவறான பழக்கம் ஊறிவிடும். தெரு நாய்கள் வராத உங்கள் சொந்தக் காம்பவுண்டு, பால்கனி, மாடி ஆகியவற்றில் பயிற்சியைத் தொடங்குங்கள். எப்போது தெருவில் இறக்கலாம் என்பதைக் குட்டியின் தடுப்பூசி அட்டையைப் பார்த்து கால்நடை மருத்துவர் சொல்லட்டும்.

ஒரு நாள் அட்டவணை எப்படி இருக்க வேண்டும்?

2 முதல் 3 மாதக் குட்டிக்கு ஒரு மாதிரி அட்டவணை இதோ. உங்கள் வீட்டு நேரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

- காலை 5.30: எழுந்ததும் நேராகக் கழிக்கும் இடம்
- காலை 7: முதல் சாப்பாடு, 10 நிமிடம் கழித்து மறுபடி அதே இடம்
- காலை 8 முதல் 11 வரை: விளையாட்டு, தூக்கம். முழித்திருந்தால் மணிக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள்
- பகல் 12: இரண்டாவது சாப்பாடு, பிறகு கழிக்கும் இடம்
- பிற்பகல் 3: தூங்கி எழுந்ததும்
- மாலை 5 மற்றும் 6.30: விளையாட்டுக்குப் பின்
- இரவு 7.30: கடைசிச் சாப்பாடு, பிறகு கழிக்கும் இடம்
- இரவு 10.30: படுக்கும் முன்
- அதிகாலை 2 மணி அளவில்: ஒருமுறை

பார்க்க மலைப்பாக இருக்கும். ஆனால் வளர வளர இந்தப் பட்டியல் தானாகச் சுருங்கும். அதிகாலை 2 மணி அலாரம் சில வாரத்துக்குத்தான்.

அழைத்துப்போய் என்ன செய்வது?

குட்டியை 'போய்ட்டு வா' என்று விரட்டிவிட்டுக் கதவைச் சாத்தக் கூடாது. கயிறு போட்டு நீங்களும் கூடவே போங்கள். அந்த இடத்தில் நின்றுகொண்டு பேசாமல், கொஞ்சாமல், போனைப் பார்க்காமல் ஐந்து நிமிடம் காத்திருங்கள். குட்டிக்குப் போரடிக்க வேண்டும். போரடித்தால்தான் வந்த வேலை ஞாபகத்துக்கு வரும்.

அது கழிக்கத் தொடங்கும்போது ஒரு சொல்லை மெதுவாகச் சொல்லுங்கள். 'உச்சா போ' என்பதோ, 'ஒண்ணுக்கு' என்பதோ, எதுவானாலும் சரி. வீட்டில் எல்லோரும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும். அப்பா ஒரு சொல், பையன் ஒரு சொல், பாட்டி வேறொரு சொல் என்றால் பலன் இல்லை. நாளடைவில் அந்தச் சொல்லைக் கேட்டாலே குட்டிக்கு விஷயம் புரியும். மழை நாளில் இதன் அருமை தெரியும்.

முடித்ததும் அந்த இடத்திலேயே, மூணு நொடிக்குள் பாராட்டுங்கள். தடவிக்கொடுங்கள், உப்பு, மசாலா சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறியில் விரல் நுனி அளவு ஒரு துண்டு கொடுங்கள். வீட்டுக்குள் வந்தபிறகு கொடுத்தால், 'உள்ளே வந்ததுக்குத்தான் கறி' என்று புரிந்துகொள்ளும்.

இன்னொரு தவறும் பரவலாக நடக்கிறது. குட்டி வெளியே போய் முடித்ததுமே உள்ளே இழுத்து வந்துவிடுகிறோம். அதற்கு வெளியே இருப்பது ஜாலி. முடித்தால் ஜாலி முடிந்துவிடும் என்று கற்றுக்கொண்டால், வெளியே அடக்கிவைத்துவிட்டு உள்ளே வந்து போகும். முடித்தபிறகு ரெண்டு நிமிடமாவது அங்கேயே விளையாட விடுங்கள்.

ஐந்து நிமிடம் நின்றும் போகவில்லையா? உள்ளே கூட்டி வாருங்கள், ஆனால் அவிழ்த்துவிடாதீர்கள். மடியில் வைத்துக்கொள்ளுங்கள் அல்லது கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு கூடவே வைத்திருங்கள். பத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி கூட்டிப் போங்கள்.

வீடு முழுக்கச் சுற்ற விடலாமா?

தொடக்கத்தில் வேண்டாம். மூணு அறை வீடு முழுவதும் திறந்திருந்தால், எந்த மூலையில் எப்போது போகிறது என்று உங்களால் பார்க்க முடியாது. ஓர் அறை, அல்லது தடுப்பு போட்ட ஒரு மூலை போதும். கண் பார்வையில் இருக்க வேண்டும் என்பதுதான் விதி.

கூண்டு வைத்துப் பழக்குபவர்களும் உண்டு. குட்டி நிற்கவும் திரும்பவும் காலை நீட்டிப் படுக்கவும் முடிகிற அளவு இருக்க வேண்டும். ரொம்பப் பெரிதாக இருந்தால் ஒரு பக்கம் படுத்து மறுபக்கம் போகும். கூண்டு என்பது தூங்கும் அறை, சிறை அல்ல. கதவைத் திறந்துவைத்து, உள்ளே துணி விரித்து, சாப்பாடு போட்டு முதலில் பிடிக்கவையுங்கள். அடக்க முடிகிற நேரத்துக்கு மேல் பூட்டி வைத்தால், வேறு வழியின்றிப் படுக்கையிலேயே போய்ப் பழகிவிடும். அந்த இயல்பான உணர்வு கெட்டுப்போனால் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம்.

மிதியடிகளையும் கொஞ்ச நாளைக்கு எடுத்து வையுங்கள். காலுக்கு மெத்தென்று, ஈரத்தை உறிஞ்சும் துணி மிதியடி குட்டிகளுக்கு ரொம்பப் பிடித்த இடம். கார்ப்பெட்டும் அப்படித்தான்.

வீட்டுக்குள் போய்விட்டது, இப்போது என்ன செய்வது?

போய்க்கொண்டிருக்கும்போதே பார்த்துவிட்டீர்களா? கத்தாமல், லேசாகக் கைதட்டிக் கவனத்தைத் திருப்பி, தூக்கிக்கொண்டு கழிக்கும் இடத்துக்குப் போங்கள். மீதியை அங்கே முடித்தால் பாராட்டுங்கள்.

போன பிறகுதான் பார்த்தீர்களா? துடைத்துவிட்டு விட்டுவிடுங்கள். அவ்வளவுதான்.

நம்ம ஊரில் குட்டியின் மூக்கைப் பிடித்துச் சிறுநீரில் தேய்ப்பது, செய்தித்தாளைச் சுருட்டி அடிப்பது போன்ற பழக்கங்கள் இன்னும் இருக்கின்றன. இதனால் பயன் இல்லை, கேடுதான். பத்து நிமிடம் முன்பு செய்ததையும் இப்போது விழும் அடியையும் குட்டியால் சேர்த்துப் பார்க்க முடியாது. அது கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: 'இவங்க பார்க்கும்போது போனா அடி விழும்.' அதன்பிறகு கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் ஒளிந்து போகும். வெளியே கூட்டிப்போனாலும் உங்கள் கண் முன்னால் போகாது.

'தப்பு செஞ்ச மூஞ்சியைப் பாருங்க' என்கிறோமே?

காதைத் தாழ்த்தி, வாலை ஒடுக்கி, கண்ணைத் திருப்பிக்கொள்ளும் அந்த முகத்தைப் பார்த்து, "அதுக்குத் தெரியும் தப்புன்னு" என்போம். நியூயார்க்கில் நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. சாப்பிடக் கூடாது என்று சொன்ன தீனியை நாய் உண்மையில் சாப்பிட்டதா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பில்லை. உரிமையாளர் திட்டினால்தான் அந்த முகம் வந்தது. தப்பே செய்யாத நாய்களும் திட்டு வாங்கியபோது அதே முகத்தைக் காட்டின.

அதாவது அது குற்ற உணர்ச்சி அல்ல. உங்கள் கோபத்தைப் பார்த்து வரும் பயம்.

சில குட்டிகள் நீங்கள் வீட்டுக்கு வந்ததும் குனிந்து, புரண்டு, கொஞ்சம் சிறுநீர் விடும். இது பயிற்சிக் குறைபாடு அல்ல. சந்தோஷத்தாலோ பணிவாலோ தன்னை அறியாமல் வருவது. இதற்குத் திட்டினால் இன்னும் அதிகமாகும். உள்ளே வந்ததும் ஆரவாரம் செய்யாமல், மேலே குனியாமல், கொஞ்ச நேரம் கழித்துப் பக்கவாட்டில் உட்கார்ந்து தடவிக்கொடுங்கள். பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும்.

துடைத்தும் அதே இடத்தில் போகிறதே, ஏன்?

நமக்கு வாடை போய்விட்டது, நாய்க்குப் போகவில்லை. நம் மூக்கைவிட நாயின் மூக்கு பல மடங்கு கூர்மையானது. பழைய வாடை இருக்கும் இடம் அதற்கு 'இங்கே போகலாம்' என்ற போர்டு மாதிரி.

- முதலில் பழைய துணியாலோ காகிதத்தாலோ ஒற்றி எடுங்கள். தேய்த்தால் பரவும்.
- வெறும் ஃபினாயில் ஊற்றுவது பழைய வாடையின் மேல் புது வாடையைப் பூசுவதுதான். ஈரத்தரையை நக்கினால் குட்டிக்குக் கெடுதலும்கூட.
- செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் கிளீனர், சிறுநீரில் வாடை தரும் பொருட்களையே சிதைக்கும். பாட்டிலில் சொன்ன நேரம் வரை ஊறவிட வேண்டும்.
- அது இல்லையென்றால் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைக்கலாம். மார்பிள் தரைக்கு மட்டும் வினிகர் வேண்டாம், கறை விழும்.
- அமோனியா கலந்த கிளீனர்களைத் தவிருங்கள். அந்த வாடை சிறுநீரை நினைவூட்டலாம்.
- சிறுநீர் இருக்கும்போதே பிளீச்சிங் கரைசலை ஊற்றாதீர்கள். நச்சு வாயு வரும்.

கையுறை போட்டுக்கொள்வதும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் அவசியம். குட்டிகளின் மலத்தில் உருண்டைப்புழுவின் முட்டைகள் இருக்கலாம். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் கூடுதல் கவனம் வேண்டும். மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பூச்சி மருந்து தவறாமல் கொடுங்கள். எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் பாதித்த நாயின் சிறுநீர் வழியாகவும் மனிதர்களுக்குப் பரவும் என்பதால் அந்தத் தடுப்பூசி பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அபார்ட்மென்டில் இருக்கிறோம், நாலாவது மாடி. என்ன செய்ய?

பால்கனியில் ஒரு அகலமான பிளாஸ்டிக் டிரே வைத்து, மேலே செய்தித்தாள், உறிஞ்சும் பேட் அல்லது செயற்கைப் புல் விரிப்பு போடலாம். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே தொடருங்கள். மாற்றும்போது பழைய காகிதத்தில் ஒரு சின்னத் துண்டை அடியில் விட்டுவையுங்கள். அந்த வாடை குட்டிக்கு வழிகாட்டும்.

பிற்பாடு தரைக்குக் கூட்டிப்போவதுதான் திட்டம் என்றால், காகிதத்தை ஒரே நாளில் எடுக்க வேண்டாம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவுப் பக்கம் நகர்த்துங்கள். கடைசியில் அந்தக் காகிதத்தையே கீழே எடுத்துப்போய் மண்ணில் வையுங்கள். காகிதத்தில் பழகி பிறகு மண்ணுக்கு மாறுவது ரெண்டு பாடம் படிப்பது மாதிரி. நேரடியாக மண்ணில் பழக்க வசதி இருப்பவர்கள் அதையே செய்யலாம்.

லிஃப்டில் இறங்கும்போது குட்டியைக் கையில் தூக்கிக்கொள்ளுங்கள். தரையில் விட்டால் லிஃப்டிலேயே போய்விடும். பிறகு சங்கக் கூட்டத்தில் உங்கள் பெயர்தான் முதல் அஜெண்டா.

ரெண்டு பேரும் வேலைக்குப் போகிறோம்...

முதல் ரெண்டு வாரத்துக்காவது ஒருவர் விடுப்பு எடுக்க முடியுமா, ஷிஃப்ட் மாற்ற முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் பகலில் ஒருவர் வந்து குட்டியைக் கவனிக்க ஏற்பாடு செய்யுங்கள். அதுவும் இல்லையென்றால் தடுப்பு போட்ட ஒரு மூலையில் ஒரு பக்கம் படுக்கை, தண்ணீர், மறுபக்கம் டிரே என்று பிரித்து வையுங்கள். கூண்டில் பூட்டிவிட்டுப் போக வேண்டாம். இது எதுவுமே முடியாது என்றால், குட்டி வாங்குவதைத் தள்ளிப்போடுவது நல்லது. ஏற்கெனவே பழகிய, வளர்ந்த நாயைத் தத்தெடுப்பதும் ஒரு வழி.

சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நிறையவே உண்டு. தட்டில் எப்போதும் தீனி இருந்தால், எப்போது வேண்டுமானாலும் போகும். நேரத்துக்குச் சாப்பாடு போட்டு, 15 நிமிடத்தில் தட்டை எடுத்துவிட்டால், கழிக்கும் நேரமும் ஒழுங்குக்கு வரும்.

நம் வீடுகளில் குட்டி என்றாலே கிண்ணத்தில் பசும்பால்தான். தாய்ப்பால் மறந்த பல குட்டிகளுக்குப் பசும்பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காது, பேதியாகும். பேதியாகும் குட்டியால் எதையும் அடக்க முடியாது. பால், பிஸ்கட், திடீர் தீனி மாற்றம் ஆகியவற்றை நிறுத்தினாலே சில வீடுகளில் பாதிப் பிரச்சினை தீரும்.

ஆனால் சிறுநீர் குறையட்டும் என்று தண்ணீரை நிறுத்தவே கூடாது. நம் ஊர் வெயிலில் குட்டிக்கு நீரிழப்பு சீக்கிரம் வந்துவிடும். இரவு படுக்கப்போகும் முன் கிண்ணம் நிறைய வைக்காமல் கொஞ்சமாக வைக்கலாம், அவ்வளவுதான். வெயில் காலத்தில் பகல் 11 மணிக்கு மேல் சிமெண்ட் தரையிலும் மொட்டை மாடியிலும் இறக்காதீர்கள். புறங்கையை ஐந்து நொடி தரையில் வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் குட்டியாலும் முடியாது.

நன்றாகப் பழகிய குட்டி மறுபடி வீட்டுக்குள் போகிறதே?

4 முதல் 8 மாதத்தில் இது சகஜம். வீடு மாறியிருக்கலாம், விருந்தாளிகள் வந்திருக்கலாம், மழையில் வெளியே போகப் பிடிக்காமல் இருக்கலாம். தீபாவளி வெடிச் சத்தத்துக்குப் பயந்து வெளியே போக மறுக்கும் நாய்கள் ஏராளம். ஆண் குட்டிகள் பருவத்துக்கு வரும்போது காலைத் தூக்கிச் சுவரில், நாற்காலிக் காலில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அது எல்லை குறிப்பது. கருத்தடை பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். மற்றபடி மருந்து ஒன்றே: ஒரு வாரம் முதல் நாள் அட்டவணைக்குத் திரும்பிப் போங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

இது பழக்கக் கோளாறா, நோயா என்று பிரித்துப் பார்ப்பது முக்கியம். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

- சில நிமிடத்துக்கு ஒருமுறை முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போவது
- சிறுநீரில் ரத்தம், வழக்கமில்லாத நாற்றம், போகும்போது முனகல்
- தூங்கும்போதும் நடக்கும்போதும் தானாகக் கசிந்துகொண்டே இருப்பது
- வழக்கத்தைவிட மிக அதிகமாகத் தண்ணீர் குடிப்பது
- பேதி, வாந்தி, சாப்பிடாமல் சுருண்டு கிடப்பது
- முயன்றும் சிறுநீரே வராமல் இருப்பது. இது அவசர நிலை

சிறுநீர்ப்பாதைத் தொற்று பெண் குட்டிகளிடம் அதிகம். சரியான மருந்து கொடுத்தால், 'திமிர் பிடிச்ச குட்டி' ஒரே வாரத்தில் நல்ல குட்டியாகிவிடும். அருகில் உள்ள அரசு கால்நடை மருத்துவமனைகளில் காட்டலாம். சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகளும் இருக்கின்றன.

அக்கம்பக்கமும் சட்டமும்

விடிகாலையில் பக்கத்து வீட்டு அக்கா போட்ட கோலத்தின் மேல் உங்கள் குட்டி போனால், அந்தத் தெருவில் நாய் வளர்க்கும் எல்லோருக்கும் கெட்ட பெயர். வெளியே போகும்போது காகிதமும் பையும் எடுத்துப்போய், மலத்தை எடுத்துக் கட்டிக் குப்பைத்தொட்டியில் போடுங்கள். வளர்ப்பு நாய்களுக்குத் தடை போடவோ, லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லவோ குடியிருப்போர் சங்கங்களுக்கு உரிமையில்லை என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. அதே வழிகாட்டுதல் சுத்தம் பேணும் பொறுப்பை உரிமையாளரிடம் எதிர்பார்க்கிறது. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் பெறுவதும் கட்டாயம். அதற்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று தேவை.

விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-இன் 11-ஆவது பிரிவின்படி, விலங்கை அடித்துத் துன்புறுத்துவதும், நியாயமற்ற நேரத்துக்குக் கட்டிப்போடுவதும், பசியாலோ தாகத்தாலோ வாடும்படி கைவிடுவதும் குற்றம். முதல் முறை அபராதம் வெறும் 10 முதல் 50 ரூபாய்தான். ஆனால் வீட்டுச் சாப்பாட்டுக்குப் பழகிய குட்டியைத் தெருவில் விட்டால், இரை தேடத் தெரியாமல், வண்டிகளுக்கு நடுவில், மற்ற நாய்களின் எல்லைக்குள் அது தருகிற விலை உயிராகவும் இருக்கலாம்.

எத்தனை நாளில் பழகும்?

சில குட்டிகள் ரெண்டு, மூணு வாரத்திலேயே பெரும்பாலும் சரியாகிவிடும். முழு நம்பிக்கையோடு வீட்டைத் திறந்துவிட 4 முதல் 6 மாதம் ஆகலாம். சின்ன இனங்களுக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். காலண்டரில் ஒவ்வொரு நாளும் வீட்டுக்குள் எத்தனை முறை, எத்தனை மணிக்குப் போனது என்று குறித்துவையுங்கள். நாலைந்து நாளிலேயே ஒரு விஷயம் புலப்படும். பெரும்பாலானவை ஒரே நேரத்தில்தான் நடந்திருக்கும். அந்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் நீங்கள் கயிற்றோடு தயாராக இருந்தால், மறுநாள் அந்தக் கட்டம் காலியாக இருக்கும்.

காலண்டரில் தொடர்ந்து நாலு வாரம் காலியாக இருந்தால், ஓர் அறையை மட்டும் கூடுதலாகத் திறந்துவிடுங்கள். அதிலும் ஒரு வாரம் சரியாக இருந்தால் அடுத்த அறை. ஒருநாள் குட்டி தானாகவே கதவருகே போய் நின்று உங்களைத் திரும்பிப் பார்க்கும். அப்போது கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்க் கதவைத் திறங்கள்.